ஒரு கிணறு, ஒரு ஊருணி, ஒரு கண்மாய்: செட்டிநாட்டுத் தண்ணீரில் தட்டைப்புழுக்கள்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் ஓர் ஊர். அங்கே ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் கிணற்றுத் தண்ணீரில் புழு இருப்பதாக வந்த புகார்தான் இந்த ஆய்வின் தொடக்கம். கிணற்றோடு நிற்காமல் அதே ஊரின் ஊருணிக்கும், ஊருக்கு மேற்கே உள்ள கண்மாய்க்கும் வேலை நீண்டது. மூன்றும் நடந்து போகிற தூரம். மழைநீர் கண்மாயில் நிறைந்து, கலிங்கு வழியாக வழிந்து, வரத்துக்காலில் ஓடி ஊருணிக்கு வருகிறது. ஊருணி நிறைந்தால் கிணற்றில் ஊற்று கூடுகிறது. நீர் இப்படி ஒன்றோடொன்று தொடர்புடையதாக இருந்தும், மூன்றிலும் கிடைத்த தட்டைப்புழுக்கள் வெவ்வேறு.

விலங்கியல் துறையில் இருப்பவர்கள் தனித்து வாழும் தட்டைப்புழுவைப் பார்க்கிறார்கள். கால்நடை மருத்துவர்கள் அதே தொகுதியைச் சேர்ந்த ஒட்டுண்ணியைப் பார்க்கிறார்கள். இருவரும் ஒரே ஊருணியில் கால் நனைத்தாலும் ஒருவர் குறிப்பேட்டை மற்றவர் பார்ப்பதில்லை. இதனால் இரு தரப்புக்கும் நட்டம் என்பது என் கருத்து. இந்த நிகழ்வில் அது எங்கெல்லாம் தெரிந்தது என்பதைக் கீழே பதிந்திருக்கிறேன்.

புகார்

அந்த வீட்டு ஆச்சி சென்னைவாசி. முன்னோருக்குப் படையலிடும் படைப்புச் சடங்குக்காக ஊருக்கு வந்திருந்தார். வீடு பார்க்கும் அம்மா கிணற்றிலிருந்து இறைத்து அண்டாவில் ஊற்றி வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் பார்த்தால் அண்டாவின் அடியில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் ஏதோ ஊர்கிறது. பாத்திரத்தை வெயிலில் வைத்ததும் அத்தனையும் நிழல் விழுந்த பக்கமாக ஒதுங்கிக்கொண்டன. கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிற ஆள் என்று யாரோ என் பெயரைச் சொல்ல, கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"தம்பி, இது அட்டைக் குட்டிதானே?"

"அட்டை இல்லை ஆச்சி. அட்டைக்கு உடம்பு வளையம் வளையமா இருக்கும். முழம் போட்டு நடக்கும். இது வழுக்கிக்கிட்டுப் போகுது பாருங்க."

"தெரியாமக் குடிச்சிருந்தா?"

"செரிச்சிரும். வயித்துல தங்கிப் பிழைக்கிற வகை இல்லை இது."

"நாடாப்புழுவுக்குச் சொந்தம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"சொந்தம்தான் ஆச்சி. பங்காளிதான். ஆனா புள்ளி பிரிஞ்சு தனிக்குடும்பமாகி ரொம்ப ரொம்பக் காலமாச்சு."

ஆச்சிக்கு அது போதுமானதாக இருந்தது. வீடு பார்க்கும் அம்மாவுக்குப் போதவில்லை. பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று கேட்டார். போட்டால் புழு செத்துவிடும். பிளனேரியா எனப்படும் இந்தத் தனித்து வாழும் தட்டைப்புழுக்கள் குளோரினைத் தாங்காதவை. ஒருவகையில் அவை அங்கே உயிரோடு இருப்பதே அந்தக் கிணற்றில் அண்மையில் யாரும் மருந்து கொட்டவில்லை என்பதற்குச் சாட்சி. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து வடிகட்டச் சொல்லிவிட்டு, கொஞ்சம் புழுவைக் கிணற்றுத் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீரில் போட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் கரைந்து போயிருக்கும்.

கிணறு

கை லென்ஸிலேயே பேரினம் தெரிந்துவிட்டது. முக்கோணத் தலை. இரு பக்கமும் காது போல மழுங்கிய மடல்கள். இரண்டு கண்கள், ஒவ்வொன்றிலும் கறுப்புக் கிண்ணமும் அதைச் சுற்றி நிறமற்ற வெள்ளைப் பகுதியும். அதனால் மாறுகண் பார்வை போன்ற ஒரு தோற்றம். வாய் தலையில் கிடையாது. வயிற்றுப் பக்கத்தின் நடுவில் இருக்கிறது. பெட்ரி தட்டில் ஆட்டு ஈரல் துணுக்கு ஒன்றைப் போட்டதும் ஏறி உட்கார்ந்து, உடம்பின் நடுவிலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்றை நீட்டி உறிஞ்சியது. அந்தக் குழாய்தான் தொண்டை. அது நிறமில்லாமல் வெளுப்பாக இருந்ததைக் கவனித்துக் குறித்துவைத்தேன். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த ஜிரார்டியா டைக்ரினா மீன்தொட்டிச் செடிகளோடு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது, தலையும் ஏறத்தாழ இப்படியே இருக்கும். ஆனால் அதன் தொண்டையில் கரும்புள்ளி நிறம் உண்டு. ஆகவே இது டுகீசியா என்ற பிளனேரியாப் பேரினம்.

சிற்றினம் எது என்பதுதான் சிக்கல். இந்தியாவிலிருந்து டுகீசியா இண்டிகாவை 1969-இலும் டுகீசியா பெங்காலென்சிஸை 1983-இலும் விவரித்தவர் ஜப்பானிய ஆய்வாளர் மசாஹாரு கவகாட்சு. அந்த விவரங்கள் இனப்பெருக்க உறுப்பின் உள்ளமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. நம் கிணற்றுப் புழுவுக்கு அந்த உறுப்பே இல்லை. இரவில் வால்பகுதியைப் பாத்திரத்தில் ஒட்டவைத்துவிட்டு முன்பகுதி இழுத்துக்கொண்டு போகும். நடுவில் அறுந்து இரண்டாகிவிடும். சில நாளில் வாலுக்குத் தலையும் தலைக்கு வாலும் முளைக்கும். இப்படிப் பிளந்தே பெருகும் டுகீசியாக் கூட்டங்கள் பல நாடுகளில் உண்டு. அவற்றில் பல மும்மடியக் குரோமோசோம் கொண்டவை, அதாவது வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி. தலைவடிவத்தை மட்டும் பார்த்து இண்டிகா என்று எழுதி லேபிள் ஒட்டிய பழைய பாட்டில்கள் நம் கல்லூரி அருங்காட்சியகங்களில் இருந்தால் அவற்றை நம்ப வேண்டாம் என்பேன்.

மரபணு பார்த்தால் தீர்ந்துவிடுமே என்று மாணவர்கள் கேட்டார்கள். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பிளனேரியாவின் மீளாக்கம் நியோபிளாஸ்ட் என்ற தண்டுசெல்களால் நடப்பது. கதிர்வீச்சில் தன் தண்டுசெல்களையெல்லாம் இழந்த புழுவுக்குள் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டை வைத்தால் அதுவே பெருகிப் புழுவைப் பிழைக்கவைக்கும் என்பது 2011-இல் ஷ்மிட்டியா மெடிட்டரேனியா என்ற பிளனேரியாவில் காட்டப்பட்டது. பாலினச் சேர்க்கை இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பிளந்துகொண்டே போகும்போது ஒரே உடம்புக்குள் வெவ்வேறு செல்வழிகள் வெவ்வேறு திடீர்மாற்றங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஸ்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் டுகீசியாவிலேயே இதைக் காட்டினார்கள்: ஒரு புழுவுக்குள் ஒரே மரபணுவின் பல வடிவங்கள். ஒரு துண்டு வெட்டி ஒரே ஒரு மரபணு வரிசை எடுத்து உறவுமரம் வரைந்தால் தப்பான கிளையில் போய் உட்கார வாய்ப்புண்டு. பல புழுக்களிலிருந்து, ஒவ்வொன்றிலும் அந்த மரபணுவின் பல படிகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிரமப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. டுகீசியா ஆப்பிரிக்காவில் தோன்றி மூன்று வழிகளில் வெளியேறியது என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இந்தியா அந்தக் கதையில் நடுப்பகுதி. நம் பக்கத்துக் கிணற்றுப் புழு எந்த வழியில் வந்த கூட்டத்தின் மிச்சம் என்பது கேட்கத்தகுந்த கேள்வி. தென்தமிழகத்துச் சமவெளிக் கிணற்றிலிருந்து ஒழுங்காக எடுத்த வரிசை ஒன்றாவது அந்த மரத்தில் ஏற வேண்டும்.

ஊருணியில் எவ்வளவு தேடியும் டுகீசியா அகப்படவில்லை. ஈரல் துண்டைத் துளையிட்ட பாட்டிலில் போட்டுச் செம்பராங்கல் படிகளுக்கு அடியில் இரவு முழுக்க வைத்தும் நத்தையும் நீர்ப்பூச்சியுமே வந்தன. என் ஊகம் இது: அந்த ஊருணி சித்திரை, வைகாசியில் அடிமண் வெடிக்கும் அளவுக்கு வற்றிவிடுகிறது. அமெரிக்காவின் ஃபகோகேட்டா வெலாட்டா போன்ற பிளனேரியா, வறட்சி வந்தால் துண்டு துண்டாகி, கோழைக் கூட்டுக்குள் ஒடுங்கிக் காத்திருக்கும். பிளந்து பெருகும் டுகீசியாவிடம் அந்த வித்தை இல்லை. கிணறு வற்றாததால் அது அங்கே மட்டும் தங்கிவிட்டது.

ஊருணி

கண்ணுக்குத் தெரிகிற புழுவோடு நின்றுவிட்டால் தட்டைப்புழுப் பன்மையில் பெரும்பங்கு கைநழுவிவிடும். 2008-இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி நன்னீரில் தனித்து வாழும் தட்டைப்புழுச் சிற்றினங்கள் சுமார் 1,300. பாதிக்கும் மேல் ஐரோப்பாவையும் வட ஆசியாவையும் உள்ளடக்கிய பகுதியிலிருந்து அறியப்பட்டவை. அங்கேதான் புழு அதிகம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நுண்ணோக்கியோடு உட்கார்ந்த ஆள் அங்கே அதிகம். வெப்பமண்டலத்துக் குளங்களில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்களைத் தேடியவர்களே குறைவு.

தேடும் முறைக்குச் செலவே இல்லை. ஊருணிக் கரையோரத்து வேலம்பாசியையும் மேல்மண்ணையும் அள்ளி, வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி, நிழலில் ஓரிரவு வைத்துவிட வேண்டும். பாசி அழுக ஆரம்பிக்கும், ஆக்சிஜன் குறையும், மண்ணுக்குள் இருந்ததெல்லாம் மூச்சுக்காக மேலே ஏறி, வெளிச்சம் படும் கண்ணாடிச் சுவரில் ஒட்டும். காலையில் இங்க் ஃபில்லரால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்கலாம். ஆல்கஹாலிலோ ஃபார்மலினிலோ நேரே போட்டால் சுருண்டு உருண்டையாகிவிடும், பிறகு அது எந்தப் புழு என்று யாராலும் சொல்ல முடியாது. நீர்நிலை ஆய்வுகளில் பாதுகாத்த மாதிரிகளை மாதங்கள் கழித்துப் பிரிக்கும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் கூட்டம் பட்டியலில் ஏறவே ஏறாது.

உயிரோடு கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் விட்டு, கவர்ஸ்லிப்பை மூடி, ஓரத்தில் டிஷ்யூ காகிதம் வைத்து நீரை மெல்ல மெல்ல உறிஞ்ச வேண்டும். புழு அழுந்தித் தட்டையாகும். கண்ணாடி போன்ற உடம்புக்குள் ஆணுறுப்பின் கடினமான ஊசி பளிச்சென்று தெரியும் அந்தச் சில நொடிகளில்தான் படம் எடுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் உறிஞ்சினால் புழு வெடித்துவிடும். கை பழகும் வரை இதில் நிறையப் புழு வீணாகும்.

எங்களுக்கு முதலில் கிடைத்தது ஸ்டெனோஸ்டோமம். கண் இல்லாத, நூல் போன்ற புழு; தலையின் இரு பக்கமும் குற்றிழை எனப்படும் மயிர்போன்ற நுண்ணிழைகள் நிறைந்த சிறு குழிகள். அது தனியாக இருப்பதே அபூர்வம். உடம்பின் நடுவில் இன்னொரு மூளை, இன்னொரு தொண்டை உருவாகி, பிரிவதற்கு முன்பே அதற்குள்ளும் அடுத்தது தொடங்கியிருக்கும். இதன் கிளையான கேட்டனுலிடா, மற்ற எல்லாத் தட்டைப்புழுக்களிலிருந்தும் முதலில் பிரிந்து போன கிளை. அதாவது ஸ்டெனோஸ்டோமத்தை ஒரு பக்கத்தில் வைத்தால், டுகீசியாவும் நாடாப்புழுவும் ஈரல்புழுவும் மறுபக்கத்தில் ஒன்றாக நிற்கும்.

அடுத்து மேக்ரோஸ்டோமம். இரண்டு கறுப்புக் கண், கரண்டிபோல் அகன்ற வால், அந்த வாலால் தகட்டில் ஒட்டிக்கொள்ளும் பிடிவாதம். இந்தப் பேரினத்தின் சிற்றினங்களைப் பிரிப்பது ஆண் ஊசியின் வளைவும் விந்தணுவின் வடிவமும்தான். சில சிற்றினங்கள் ஒன்றோடொன்று இணைந்து விந்தைப் பரிமாறிக்கொள்ளும். சில துணையின் தோலில் எங்கு வேண்டுமானாலும் குத்தி விந்தை ஏற்றும். துணை கிடைக்காதபோது மேக்ரோஸ்டோமம் ஹிஸ்ட்ரிக்ஸ் தன் தலைப்பக்கமே தன் ஊசியால் குத்தித் தனக்குத் தானே கருவூட்டிக்கொள்ளும் என்று 2015-இல் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊருணிப் புழுவின் ஊசி முனை வளைந்து மழுங்கியிருந்தது. குத்தும் வகையில் ஊசிமுனை கூராக இருக்கும். எனவே இது பரிமாறிக்கொள்ளும் வகையாக இருக்கலாம்.

வேலம்பாசியில் ஜைராட்ரிக்ஸும் இருந்தது. முன்முனையில் உள்ளிழுக்கும் தும்பிக்கை, பின்முனையில் நீண்ட நேரான ஊசி. புத்தகம் இதற்கு உலகம் முழுக்க ஒரே பெயர் வைத்திருக்கிறது: ஜைராட்ரிக்ஸ் ஹெர்மாஃப்ரோடைட்டஸ். குரோமோசோம் எண்ணிக்கையும் ஊசி வடிவமும் இடத்துக்கு இடம் மாறுவதால் அந்த ஒரே பெயருக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருப்பது தெரிந்த செய்தி. செட்டிநாட்டுப் புழுவுக்கு அந்தப் பெயரை வைப்பது வேலையை முடித்துவிட்டதாகப் பாவனை செய்வதுதான். பட்டியலில் "ஜைராட்ரிக்ஸ், சிற்றினம் முடிவாகவில்லை" என்றே எழுதினோம்.

காய்ந்த மண்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தண்ணீரே இல்லாத பகுதி. வைகாசியில் ஊருணியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது கரையோரத்திலிருந்தும் நடுப்பள்ளத்திலிருந்தும் மண்கட்டி எடுத்து, வெள்ளை பிளாஸ்டிக் தொட்டிகளில் போட்டு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஊற்றி, மெல்லிய வேட்டித் துணியால் மூடினோம். மண் போடாமல் அதே தண்ணீரை மட்டும் ஊற்றிய தொட்டி ஒன்றும் பக்கத்தில் இருந்தது.

மண் போட்ட தொட்டிகளில் முதலில் நீர்த்தெள்ளுகள் வந்தன. அவற்றைத் தின்ன அடுத்து வந்தது மீசோஸ்டோமா என்ற தட்டைப்புழு. வளர்ந்தபின் வெறுங்கண்ணுக்கே தெரியும், இலைபோல் தட்டையான, கண்ணாடி உடம்பு. அது நீரில் கோழை இழைகளை விரித்து வைக்கும். நீர்த்தெள்ளு சிக்கித் துடித்தால் வந்து சுற்றிக்கொண்டு உறிஞ்சும். கொசுப்புழுவை விட்டுப் பார்த்தோம், அதையும் விடவில்லை. கலிஃபோர்னியா நெல்வயல்களில் மீசோஸ்டோமா கொசுப்புழுவைக் கட்டுப்படுத்துவதை கேஸ், வாஷினோ என்ற இருவர் 1979-இலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே கொசுவுக்கு என்று கம்பூசியா மீனைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். அது இந்த மெல்லுடம்புப் புழுவையும் சேர்த்துத் தின்னும் என்று எதிர்பார்க்கலாம்.

மீசோஸ்டோமா இரண்டு விதமாக முட்டை இடும். நீர் நிறைந்த காலத்தில் மெல்லிய ஓட்டு முட்டை: தாயின் உடம்புக்குள்ளேயே பொரிந்து குட்டிகள் வெளியே வரும். பருவம் திரும்பும்போது தடித்த ஓட்டு முட்டை. கண்ணாடி உடம்புக்குள் செம்பழுப்பு நிறத்தில் இரு வரிசையாக அவை அடுக்கி நிற்பது கை லென்ஸில் நன்றாகத் தெரியும். தாய் செத்து மண்ணோடு மண்ணான பிறகும் அந்த முட்டைகள் வைகாசி வெயிலைத் தாங்கி, ஐப்பசி மழையில் பொரிக்கின்றன. கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு வலசை வரும் பறவைகளின் காலில் ஒட்டிய சேற்றோடு இவை ஊர்விட்டு ஊர் போவதும் நடக்கக்கூடியதே. அது சரணாலயம் என்பதால் அங்கே மாதிரி எதுவும் எடுக்கவில்லை.

நத்தை

ஊருணியின் தெற்குப் படித்துறையில் மாடு குளிப்பாட்டுவார்கள். அங்கே மாட்டோடு நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, இந்தத் தண்ணியில எறங்கினா அரிக்குமா?"

"அரிக்குமாவா? கெண்டைக்கால் முழுக்கத் தடிச்சுப்போகும் சார். ராத்திரி தூக்கம் வராது. சேத்துப்புண்ணுன்னு மருந்து போட்டோம், கேக்கலை."

சேற்றுப்புண் என்றால் விரலிடுக்கில் வரும். இவருக்கு நீர்மட்டம் எதுவரையோ அதுவரை கொப்புளம். படியில் அட்டைபோல் ஒட்டிக்கிடந்த, தட்டாகச் சுருண்ட நத்தைகளைப் பொறுக்கினோம்: இண்டோப்ளனார்பிஸ் எக்ஸஸ்டஸ். தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் விட்டுக் காலை வெயில் படும் இடத்தில் வைத்ததும் சில டம்ளர்களில் நீர் தூசு படிந்ததுபோல் மங்கியது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், வால்நுனி பிளந்த செர்க்காரியா, அதாவது ஒட்டுண்ணித் தட்டைப்புழுவின் நீந்தும் இளம்உயிரிகள்.

வால் பிளந்திருந்தாலே அரிப்புப்புழு என்று முடிவுகட்டிவிட முடியாது. பறவைக் குடலில் வளரும் வேறொரு கூட்டத்துக்கும் வால் பிளவுண்டு. ஆனால் அவற்றுக்குத் தொண்டைத்தசை தெளிவாகத் தெரியும், பிளவுக்கிளைகள் நீளமாக இருக்கும். எங்கள் டம்ளர் ஒன்றில் இருந்தவற்றுக்குத் தொண்டைத்தசை இல்லை, பிளவு குட்டை. ரத்தநாளங்களில் தங்கும் ஒட்டுண்ணித் தட்டைப்புழுவான ஷிஸ்டோசோமாக் கூட்டம். இந்த நத்தை வழியாக மாட்டுக்குப் போகும் ஷிஸ்டோசோமா மூன்று: ஸ்பின்டேல், இண்டிகம், நாசேல். மூன்றாவது மாட்டின் மூக்கு ரத்தநாளங்களில் தங்கும். மாடு குறட்டை விடுவதுபோல் மூச்சுவிடும். அதை 1933-இல் எம். ஏ. என். ராவ் புதிய சிற்றினமாக விவரித்தார். மூக்குச்சளியில் முட்டை வெளியேறும். மாடு குடிக்கக் குனியும்போது அது தண்ணீரில் சேரும். மனிதத் தோலுக்குள் நுழையும் செர்க்காரியா தப்பான வீட்டுக்குள் புகுந்து அங்கேயே சாகிறது. அரிப்பு அதன் விளைவு. மாட்டுக்காரரிடம் கால்நடை மருந்தகத்தில் சாணத்தையும் மூக்குச்சளியையும் சோதிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். மாடு இறங்குகிற நேரத்தைக் காலை வெயிலுக்கு முன்பாக மாற்றினால் அரிப்புக் குறையலாம் என்றும் சொன்னேன். ஷிஸ்டோசோமா ஸ்பின்டேலின் செர்க்காரியா பகல் வெளிச்சத்தில்தான் நத்தையை விட்டு வெளியே வருகிறது.

கண்மாய்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோடையில் நீர் வற்றி மீன்பிடித் திருவிழா நடந்த அன்று, ஊத்தா, கச்சா என்ற மீன்பிடி கருவிகளோடு இறங்கியவர்களிடம் கெண்டை மீனின் செவுளை மட்டும் கேட்டு வாங்கினோம். மீன் அவர்களுக்கு, செவுள் எங்களுக்கு என்றதும் யாரும் மறுக்கவில்லை. செவுள் இழைகளில் டாக்டைலோகைரஸ் என்ற ஒட்டுண்ணித் தட்டைப்புழு இருந்தது: நான்கு கண்புள்ளி, பின்முனைத் தட்டில் பெரிய கொக்கி ஒரு ஜோடி, ஓரத்தில் 14 சிறு கொக்கிகள். கரையோரத்துக் குட்டி இறால்களின் செவுள் அறைக்குள் காரிடினிகோலா என்ற தட்டைப்புழு அகப்பட்டது. 1912-இல் இந்திய இறால்களிலிருந்து இதை விவரித்தவர் நெல்சன் அனன்டேல். பின்னால் 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இது இறாலின் மேல் குடியிருக்கிறதே தவிர, டாக்டைலோகைரஸின் கிளையைச் சேர்ந்ததில்லை. ஊருணிப் பாசியில் இருக்கும் ஜைராட்ரிக்ஸுக்கும் மீசோஸ்டோமாவுக்கும்தான் நெருங்கிய உறவு. தங்கிப் பிழைக்கும் வாழ்க்கையைத் தட்டைப்புழுக்கள் பலமுறை தனித்தனியாகத் தொடங்கியிருக்கின்றன என்பதற்கு இந்தக் குட்டி இறால் போதும்.

முட்டையும் தோலும்

நம் பாடநூல்கள் தட்டைப்புழுக்களை டர்பெல்லேரியா, ட்ரெமட்டோடா, செஸ்டோடா என்று பிரித்துச் சொல்லிப் பழக்கியிருக்கின்றன. தனித்து வாழ்வது ஒரு வகுப்பு, ஒட்டுண்ணி மற்றவை. மரபணுத் தரவு இந்தப் பிரிவை ஏற்கவில்லை. டர்பெல்லேரியாவில் சேர்த்திருந்த ஏசீலா என்ற சிறு புழுக்களை 1999-இல் வந்த ஆய்வு தொகுதியை விட்டே வெளியே தள்ளியது. 2015-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், ஸ்டெனோஸ்டோமம் முதல் கிளையில், மேக்ரோஸ்டோமம் அதற்கடுத்து, டுகீசியாவும் மீசோஸ்டோமாவும் உள்ளே. டாக்டைலோகைரஸ், ஷிஸ்டோசோமா, நாடாப்புழு மூன்றும் சேர்ந்து அந்தத் தனித்து வாழும் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கிளைத்த ஒரே கொப்பு.

அந்தக் கொப்புக்கு அடையாளம் தோல். இளம்உயிரி தன் குற்றிழைத் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு, செல் எல்லைகள் இல்லாத புதுப்போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். ஓம்புயிரியின் எதிர்ப்பைச் சமாளிப்பதும் அதன் உணவை உறிஞ்சுவதும் அந்தப் போர்வைதான். இதை எல்லாரும் சொல்வார்கள். குறைவாகப் பேசப்படுவது முட்டை.

ஸ்டெனோஸ்டோமத்திலும் மேக்ரோஸ்டோமத்திலும் முட்டைச் செல் தன் மஞ்சள்கருவைத் தானே சேமித்துக்கொள்கிறது. மீசோஸ்டோமா, டுகீசியா, டாக்டைலோகைரஸ், ஷிஸ்டோசோமா இவற்றில் ஏற்பாடு வேறு: ஓர் உறுப்பு முட்டைச் செல்லை உண்டாக்கும், இன்னொரு உறுப்பு மஞ்சள்கருச் செல்களை உண்டாக்கும், இரண்டும் ஒரே ஓட்டுக்குள் கட்டப்படும். ஓட்டுக்கான பொருளையும் அந்த மஞ்சள்கருச் செல்களே தருகின்றன. காய்ந்த ஊருணி மண்ணில் எடுத்த மீசோஸ்டோமா முட்டையையும், கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்கிய ஈரல்புழு முட்டை உள்ள கண்ணாடித் தகட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது மாணவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தனித்து வாழ்ந்த முன்னோர்களே செய்துவைத்திருந்த தடித்த ஓட்டு முட்டையைத்தான் ஒட்டுண்ணிகள் பிற்பாடு சாணத்தோடு வெளியேறவும், நீர் சேரும்வரை காத்திருக்கவும் பயன்படுத்திக்கொண்டன என்று படிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. விலங்கியல் துறையில் மட்டும் இருந்திருந்தால் முதல் முட்டையோடு நின்றிருப்பேன்.

இதற்கு எதிராக ஒன்றையும் சொல்ல வேண்டும். மண்தொட்டிகளில் பிந்தி ஸ்டெனோஸ்டோமமும் வந்தது. மண் போடாத தொட்டியில் வரவில்லை. ஆகவே அது காய்ந்த மண்ணிலிருந்தே எழுந்திருக்கிறது, அந்த வகை முட்டை இல்லாமலேயே. வறட்சியைத் தாண்ட இந்தத் தொகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது. முட்டை பற்றிய என் விளக்கம் ஒட்டுண்ணிக் கிளைக்குப் பொருந்தினாலும், ஊருணி வாழ்க்கை முழுவதையும் அதை வைத்து விளக்க முடியாது.

அடுத்து

மூன்று நீர்நிலையும் பார்த்தும் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று பாத்ரியோப்ளானா செம்பெரி. கண் இல்லாத, வெண்ணிறமான, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நன்னீர்ப் புழு. 2015-இல் லாமர், ஹெய்நோல், ஜிரிபெட் மூவரும் வெளியிட்ட மரத்தில் மொத்த ஒட்டுண்ணிக் கொப்புக்கும் மிக நெருங்கிய தனித்து வாழும் உறவு அதுதான். உலகின் பல பகுதிகளில் கிணற்றிலும் மண்ணிடுக்கு நீரிலும் பதிவாகியிருக்கிறது. கிணற்றின் அடிமண்ணை நாங்கள் இன்னும் தொடவில்லை. அடுத்த கோடையில் அந்த வீட்டுக் கிணற்றைத் தூர்வாரப்போவதாக ஆச்சி சொல்லியிருக்கிறார். தூர்வாரும் ஆட்கள் அள்ளிக் கொட்டும் முதல் கூடைகளை வண்டிக்குக் கொடுக்காமல் எங்களுக்கு ஒதுக்கிவைக்கக் கேட்டிருக்கிறோம். டுகீசியாத் துண்டுகள் தூய எத்தனாலில் தனித்தனிக் குப்பிகளில் உள்ளன. அதே புழுக்களின் மறுபாதி உயிரோடு கிணற்றுத் தண்ணீரில், வாரம் ஒருமுறை ஈரல் தின்றுகொண்டிருக்கிறது. கால்நடை மருந்தகத்திலிருந்து மாட்டின் சோதனை முடிவு வந்ததும் நத்தைப் பட்டியலோடு அதையும் சேர்த்து ஒரே அட்டவணையாக்கி, இரு துறைக்கும் ஒரே நகலை அனுப்புவதாக இருக்கிறோம்.